டபுள் இன்டர்நேஷனல் என்றால் என்ன? மேக்ஸ் வூஸ்னம் வாழ்ந்த காலத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

பழைய கிரிக்கெட் செய்திகள் படிக்கிறவர்கள் டபுள் இன்டர்நேஷனல் என்ற சொல்லை எங்காவது பார்த்திருப்பார்கள். அர்த்தம் ரொம்ப எளிது. ஒரே ஆள் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளில் தன் நாட்டு அணிக்காக ஆடியிருந்தால் அவர் டபுள் இன்டர்நேஷனல். பள்ளியில் கபடியும் ஆடினேன், ஓட்டப்பந்தயமும் ஓடினேன் என்பது இதில் சேராது. இரண்டிலுமே நாட்டின் தலைசிறந்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவராகத் தேர்வாகியிருக்க வேண்டும். இன்றைக்கு இப்படி ஒருவரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் உலகக் கோப்பை ஆடியவர், அவரும் கடைசியில் கிரிக்கெட்டோடு நின்றுவிட்டார். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால், குறிப்பாக இங்கிலாந்தில், இந்த மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் நம்மைவிடப் பலசாலிகளா? இல்லை. அந்தக் காலத்து விளையாட்டு உலகம் நடந்த விதமே வேறு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், மேக்ஸ் வூஸ்னம் என்ற ஒருவருடைய வாழ்க்கையை நடுவில் வைத்து.

வூஸ்னம் 1892ல் லிவர்பூலில் பிறந்தார். அப்பா பாதிரியார், வளர்ந்தது பெரும்பாலும் வேல்ஸில். வின்செஸ்டர் என்ற பெரிய இடத்துப் பள்ளி, அப்புறம் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. 1911ல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, பள்ளிகளின் கூட்டு அணிக்காக லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி. என்ற புகழ்பெற்ற கிரிக்கெட் கிளப்பை எதிர்த்து 144 ரன் அடித்தார். கேம்பிரிட்ஜுக்குப் போனதும் கால்பந்து, டென்னிஸ், கோல்ஃப் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஆடினார். நடுவில் முதல் உலகப் போர் வந்தது, ராணுவத்தில் போய்ச் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பியபோது வயது 26. விளையாட்டு வீரனுக்கு இருபதுகளின் முதல் பாதிதான் பொன்னான காலம் என்பார்கள், அவருக்கு அதில் நாலு வருடத்துக்கு மேல் போரிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்களைப் பாருங்கள். 1920 புத்தாண்டு சமயத்தில் மேன்செஸ்டர் சிட்டி கால்பந்து அணிக்கு ஆடத் தொடங்குகிறார், தடுப்பு வரிசையின் நட்டநடுவில். அதே வருடம் ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக். நோயல் டர்ன்புல்லோடு சேர்ந்து டென்னிஸ் ஆண்கள் இரட்டையரில் தங்கம், கிட்டி மெக்கேனோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெள்ளி. இதற்கு நடுவில் பிரிட்டனின் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை ஏற்கச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள், டென்னிஸுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டேன் என்று மறுத்துவிட்டார். அந்தக் கால்பந்து அணி முதல் ஆட்டத்திலேயே நார்வேயிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. அடுத்து 1920-21 சீசனில் மேன்செஸ்டர் சிட்டி லீக்கில் இரண்டாம் இடம். சீசன் முடிந்த கையோடு 1921 விம்பிள்டன். ராண்டால்ஃப் லைசெட்டோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வாங்கினார். கலப்பு இரட்டையர் இறுதியிலும் ஆடினார், ஆனால் அங்கே வலைக்கு அந்தப் பக்கம் நின்றது அதே லைசெட், கூட எலிசபெத் ரயன். அதில் தோல்வி. அந்தக் கோடையிலேயே, நாடுகளுக்கு இடையிலான டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பைக்கான அணியின் தலைவராக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1922 மார்ச்சில் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் வேல்ஸுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் இங்கிலாந்துக்குத் தலைவர். 1-0 என்று ஜெயித்தார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் வாங்கிய பட்டங்களைவிட அந்த மாதங்களை.

எங்கள் தெருவில் சின்ன வயதில் ஒரு விஷயம் இருந்தது, உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். பம்பரம் சீசன், கோலி சீசன், பட்டம் சீசன் என்று ஒன்று உண்டு. யாரும் அறிவிப்பதில்லை, ஆனால் ஒருநாள் காலையில் பார்த்தால் எல்லாப் பையன்கள் கையிலும் பம்பரமும் சாட்டையும் இருக்கும், நேற்றுவரை ஆடிய கோலிகள் எல்லாம் டப்பாவில் போய்த் தூங்கும். அதனால் பம்பரத்தில் கெட்டிக்காரனே கோலியிலும் கெட்டிக்காரனாக இருக்க முடிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து அவனை இழுக்கவில்லை. இங்கிலாந்தின் விளையாட்டு நாட்காட்டியும் அப்போது ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தது. கால்பந்து ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மே மாதத் தொடக்கத்தில் முடிந்துவிடும். அப்புறம் கோடை முழுக்கக் கிரிக்கெட்டும் டென்னிஸும். நடுவில் சில வாரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும், அவ்வளவுதான். ஓர் ஆட்டத்தின் ஓய்வுக் காலத்தில் இன்னோர் ஆட்டத்தை உச்சத்தில் ஆடலாம். சி. பி. ஃப்ரை என்பவர் 1901ல் இங்கிலாந்துக்காகக் கால்பந்து ஆடினார், 1902ல் எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பையின் இறுதியில் ஆடினார், 1912ல் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தார், அதற்கெல்லாம் முன்னால் 1893ல் நீளம் தாண்டுதலில் உலகச் சாதனையைச் சமன் செய்திருந்தார். குளிர்காலக் கால், கோடைக்காலக் கை என்று உடம்பைப் பிரித்து வைத்துக்கொண்டதுபோல ஒரு வாழ்க்கை.

சரி, நாட்காட்டி இடம் கொடுத்தது. ஆனால் சாப்பாட்டுக்கு?

இங்கேதான் அமெச்சூர் என்ற சொல் வருகிறது. இன்றைக்கு ஒருவரை அமெச்சூர் என்றால் அரைகுறை என்று அர்த்தம் ஆகிவிட்டது. அன்றைக்கு அது கௌரவப் பட்டம். காசுக்காக இல்லாமல் ஆட்டத்துக்காகவே ஆடுகிறவர் அமெச்சூர், சம்பளம் வாங்கி ஆடுகிறவர் புரொஃபஷனல். கேட்கும்போது நல்ல எண்ணமாகத்தான் தெரிகிறது. ஆனால் சம்பளம் வாங்காமல் வாரக்கணக்கில் விளையாட யாரால் முடியும்? வீட்டில் வசதி இருப்பவரால், அல்லது விளையாட விடுப்பு கொடுக்கிற வேலையில் இருப்பவரால். இங்கிலாந்தின் உள்ளூர்க் கிரிக்கெட்டில் இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு ஸ்கோர் அட்டை ஒன்றே போதும். அமெச்சூர் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவார்கள், புரொஃபஷனலுக்குப் பெயருக்குப் பின்னால். பல மைதானங்களில் உடை மாற்றும் அறை தனித்தனி, ஆடுகளத்துக்குள் வரும் வாசல்கூடத் தனித்தனி. ஒரே அணியில் சேர்ந்து பேட் பிடிக்கப் போகும் இரண்டு பேர் இரண்டு வாசல் வழியாக வெளியே வருவதை நினைத்துப் பாருங்கள். இது 1962 வரை நீடித்தது.

படகுப் போட்டியில் இன்னும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் ஹென்லி என்ற ஊரில் தேம்ஸ் நதியில் நடக்கும் புகழ்பெற்ற படகுப் போட்டியின் 1879ம் வருட விதிப்படி, கூலிக்கு வேலை செய்கிற மெக்கானிக்கோ கைத்தொழிலாளியோ கூலியாளோ அமெச்சூர் ஆக முடியாது. அவர் படகு ஓட்டிக் காசு வாங்கினாரா என்பது கேள்வியே இல்லை, கையால் உழைத்துப் பிழைக்கிறவர் என்றாலே வாசல் அடைப்பு. 1920ல் அமெரிக்காவின் ஜாக் கெல்லி அங்கே போட்டியிட விண்ணப்பித்தார். அவர் செங்கல் கட்டும் கொத்தனாராக வேலை பார்த்தவர். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவருடைய கிளப்போடு அமைப்பாளர்களுக்கு ஒரு பழைய தகராறும் இருந்தது, ஆனால் கைத்தொழிலாளி என்பதும் காரணமாகச் சேர்ந்துகொண்டது. சில வாரங்களில் அதே 1920 ஒலிம்பிக்கில், அந்த வருட ஹென்லிப் போட்டியில் ஜெயித்திருந்த ஜாக் பெரஸ்ஃபோர்டை இறுதியில் முந்தி கெல்லி தங்கம் வாங்கினார், அன்றைக்கே இருவர் படகிலும் இன்னொரு தங்கம். அதாவது வூஸ்னம் டென்னிஸில் தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக். ஒருவருக்கு எல்லா ஆட்டங்களின் கதவும் திறந்திருந்தது, இன்னொருவருக்குத் தன் ஒரே ஆட்டத்தின் கதவே திறக்கவில்லை. அமெச்சூர் என்ற ஏற்பாட்டை நான் புரிந்துகொண்டது இந்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

இந்த விதியால் மிகக் கொடுமையாக அடிபட்டவர் ஜிம் தார்ப். அமெரிக்கப் பூர்வகுடியான சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். பென்டத்லான் என்றால் ஐந்து போட்டிகள், டெகத்லான் என்றால் பத்துப் போட்டிகள், இரண்டுமே ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் கலந்தவை. அந்த ஒலிம்பிக்கில் எடுத்த அவருடைய படம் ஒன்று இருக்கிறது, இரண்டு காலிலும் வேறு வேறு ஷூ, ஒன்றுக்கொன்று ஜோடி சேராத காலுறை. அடுத்த ஜனவரியில் செய்தித்தாள் ஒன்று ஒரு விஷயத்தை வெளியிட்டது. 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சின்ன அணி ஒன்றுக்குச் சொற்பக் காசுக்கு அவர் பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று. ஓட்டத்துக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஏதாவது ஒரு விளையாட்டில் காசு வாங்கினாலே அமெச்சூர் தகுதி போச்சு. அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் பலர் கோடையில் இப்படி ஆடிக் காசு சம்பாதித்தார்கள், ஆனால் புனைபெயரில் ஆடினார்கள். தார்ப் தன் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். பதக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். போட்டி முடிந்து 30 நாளுக்குள் புகார் வந்தால்தான் செல்லும் என்று அந்த ஒலிம்பிக்கின் விதியிலேயே இருந்தது, புகார் வந்ததோ ஆறு மாதம் கழித்து. அதையும் யாரும் பார்க்கவில்லை. தார்ப் 1953ல் இறந்துபோனார். 1983ல் பதக்கங்களின் நகல்களை அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்தார்கள், ஆனால் கூட்டு வெற்றியாளர் என்று. அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒத்துக்கொண்டது 2022ல். 110 வருடம்.

இதைப் படித்துவிட்டு, ஏழைகள் யாரும் டபுள் இன்டர்நேஷனல் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிரிக்கெட்டும் கால்பந்தும் கொஞ்சம் விதிவிலக்கு, அங்கே சம்பளத்துக்கு ஆடுவது அனுமதிக்கப்பட்ட விஷயம். எவர்டன் கால்பந்து அணியின் ஹாரி மேக்பீஸும் ஜாக் ஷார்ப்பும் லங்காஷயர் என்ற மாவட்ட அணிக்குக் கிரிக்கெட் ஆடிய புரொஃபஷனல்கள். இரண்டு பேருமே இரண்டு ஆட்டங்களிலும் இங்கிலாந்துக்கு ஆடினார்கள், இரண்டு பேருமே டெஸ்ட் சதமும் அடித்தார்கள். 1901லிருந்து கால்பந்து வீரரின் சம்பளத்துக்கு வாரம் 4 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. அப்படிப்பட்டவருக்குக் கோடையில் கிரிக்கெட் என்பது அந்த நாலு மாதமும் அடுப்பு எரிவதற்கான வழி. குளிர்காலத்தில் ஒரு கூலி, கோடையில் ஒரு கூலி. வூஸ்னத்துக்கு இரண்டாவது ஆட்டம் இன்னொரு சந்தோஷம் என்றால் மேக்பீஸுக்கு அது வருடத்தின் மீதிச் சம்பளம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், டபுள் இன்டர்நேஷனல்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். லாட்டி டாட் 1887ல், 15 வயதில் விம்பிள்டன் ஜெயித்தார், மொத்தம் ஐந்து முறை. அப்புறம் டென்னிஸை விட்டுவிட்டு ஹாக்கிக்குப் போய் 1899லும் 1900லும் இங்கிலாந்துக்காக அயர்லாந்தை எதிர்த்து ஆடினார். 1904ல் பிரிட்டிஷ் பெண்கள் கோல்ஃப் பட்டத்தை ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் பிடித்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்வித்தை. அந்தப் போட்டியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு 72 அம்புகள், 48 அம்பு 60 கஜ தூரத்திலிருந்து, 24 அம்பு 50 கஜ தூரத்திலிருந்து. மறுநாள் அதே 72 திரும்பவும். மழையும் காற்றும். முதல் நாள் முடிவில் டாட் 10 புள்ளி முன்னால் இருந்தார். இரண்டாம் நாள் குவீனி நியூவல் என்ற 53 வயதுப் பெண்மணி நிதானமாக எய்து 46 புள்ளி வித்தியாசத்தில் தங்கத்தைக் கொண்டுபோனார். டாட்டுக்கு வெள்ளி. அவருடைய அண்ணனோ தம்பியோ யாராவது கூட இருந்தார்களா என்றால், இருந்தார், சகோதரர் வில்லி அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் வில்வித்தையில் தங்கம் வாங்கினார். டாட் குடும்பம் பருத்தி வணிகத்தில் சம்பாதித்த பணக்காரக் குடும்பம், வீட்டிலேயே டென்னிஸ் மைதானம் இருந்தது, வேலைக்குப் போக வேண்டிய அவசியம் அவருக்கு வரவே இல்லை. அந்த வசதி இல்லாத ஒரு பெண் அந்தக் காலத்தில் எந்த ஆட்டத்தை ஆடியிருக்க முடியும்?

திரும்ப வூஸ்னத்திடம் வருவோம். அவரும் அமெச்சூர்தான், ஆனால் சும்மா இருந்து சாப்பிட்டவர் இல்லை. மேன்செஸ்டரில் எஞ்சின் தயாரிக்கும் கிராஸ்லி பிரதர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். மேன்செஸ்டர் சிட்டி அணியில் கிட்டத்தட்ட எல்லாரும் வாரச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், காசு வாங்காமல் ஆடியது இவர். பணக்காரப் பள்ளியிலிருந்து வந்த ஒருவர் கேப்டனாக வருகிறார் என்றால் முகம் சுளிப்பார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அந்த ஆட்டக்காரர்களே இவரைக் கேப்டனாக விரும்பினார்கள். முட்டி மோதி ஆடுவார், ஆனால் கள்ளத்தனமாக ஆடமாட்டார் என்று பேர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு கதை உண்டு. 1921 அமெரிக்கப் பயணத்தில் சார்லி சாப்ளின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர் டேபிள் டென்னிஸில் மட்டைக்குப் பதிலாக வெண்ணெய் தடவுகிற கத்தியைப் பிடித்துக்கொண்டு ஆடி சாப்ளினைத் தோற்கடித்தார் என்று. நடந்ததோ இல்லையோ, அவர் கையில் எதைக் கொடுத்தாலும் பந்தை அடிப்பார் என்று கூட இருந்தவர்கள் நம்பினார்கள் என்பது தெரிகிறது.

1922ல், இங்கிலாந்துக்குத் தலைமை ஏற்று ஆடிய அதே வருடம், மேன்செஸ்டர் சிட்டியின் அன்றைய மைதானமான ஹைட் ரோட்டில் ஓர் ஆட்டம். பந்தைத் துரத்திய வேகத்தில் ஆடுகளத்தைச் சுற்றிப் போட்டிருந்த மரவேலியில் போய் மோதினார். கால் எலும்பு முறிந்தது. இன்றைக்கு இருப்பதுபோல அறுவைச் சிகிச்சை, பிசியோதெரபி, ஆறு மாதத்தில் திரும்பி வருவது என்பதெல்லாம் அப்போது கிடையாது. நீண்ட நாள் ஆடமுடியவில்லை, பிறகு வந்தாலும் பழைய வேகம் திரும்பவில்லை. இங்கிலாந்து கால்பந்து அணிக்கு அந்த ஒரு ஆட்டத்தோடு சரி. பின்னாளில் ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயன நிறுவனத்தில் சேர்ந்து இயக்குநர் குழுவரைக்கும் போனார். 1965ல் காலமானார்.

அதற்குள் அவர் ஆடிய உலகமே முடிந்துகொண்டிருந்தது. கிரிக்கெட்டுக்காகக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போகத் தொடங்கினால் கால்பந்து சீசன் போச்சு. கால்பந்து சீசன் நீண்டால் கிரிக்கெட்டின் முதல் மாதம் போச்சு. 1961ல் கால்பந்துச் சம்பளத்தின் உச்சவரம்பை எடுத்த பிறகு ஒரே ஆட்டத்தில் வருடம் முழுக்கப் பிழைக்கலாம் என்றாகிவிட்டது, எதற்கு இரண்டு? இங்கிலாந்து ஆண்கள் அணிகளில் கிரிக்கெட், கால்பந்து இரண்டும் ஆடிய கடைசி ஆள் ஆர்தர் மில்டன். 1951ல் கால்பந்து, 1958ல் கிரிக்கெட். ஓய்வுக்குப் பிறகு பிரிஸ்டலில் சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாட்காட்டி இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒருவர் இருக்கிறார். எம். ஜே. கோபாலன், 1909ல் பிறந்தவர். கிரிக்கெட்டில் வேகப்பந்து, ஹாக்கியில் சென்டர் ஹாஃப். அவர் திறமையைப் பார்த்த சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கிரிக்கெட் வீரர் பர்மா ஷெல் என்ற எண்ணெய் நிறுவனத்தில் வேலைக்கு ஏற்பாடு செய்தார். சோற்றுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு ஆடவிடுவது, வூஸ்னத்துக்கு கிராஸ்லி மாதிரி. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே வருடம் நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியது அவர்தான். 1935ல் தியான்சந்த் அணியோடு ஹாக்கி ஆட நியூசிலாந்து போனார். 1936ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். இரண்டும் அதே கோடையில். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் ஏறினார்.

1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் இந்திய ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. அன்றைக்குத்தான் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அந்தத் தொடரின் முந்தைய இரண்டு டெஸ்டுகளைப் போலவே அன்றும் பதினோரு பேரில் கோபாலன் பெயர் இல்லை.